பொண்ணு நடிக்கல, அவ கண்ணுப் படத்துலயே தெரியுது: ஸ்டார்கார்ட் நோய் பத்தி ஒரு அம்மாவுக்குப் பதில்

மதுரைப் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா நீளமா ஒரு கடிதம் எழுதியிருக்காங்க, பேரு ஊரு எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சுருக்கிச் சொல்றேன். அவங்க பொண்ணுக்கு 14 வயசு, ஒன்பதாவது படிக்கிறா. ரெண்டு வருஷமா போர்டுல எழுதுறது தெரியலன்னு சொல்லிட்டு இருந்துருக்கா. மூணு தடவ கண்ணாடி மாத்தியும் ஒண்ணும் மாறல. ஒரு இடத்துல "கண்ணு நல்லாத்தான் இருக்கு, படிக்கப் பிடிக்காம நடிக்கிறா"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க, அதக் கேட்டுட்டு வந்து அப்பா அடிச்சிருக்காரு. போன மாசம் ஒரு ரெட்டினா டாக்டர் கண்ணுக்குள்ள போட்டோ, ஓசிடி, ஆட்டோஃப்ளோரசன்ஸ்னு மூணு படம் எடுத்துட்டு இது ஸ்டார்கார்ட், பரம்பரையா வர்ற மாகுலர் நோய்னு சொல்லிருக்காரு. ரெண்டு கண்ணுலயும் பார்வை 6/36, அதாவது நல்ல கண்ணு 36 மீட்டர்லேர்ந்து படிக்கிற எழுத்த இவ 6 மீட்டர் கிட்ட வந்தாத்தான் படிப்பா. ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்லிருக்காரு. இன்னொரு இடத்துல கையில ஊசி போட்டு ஆஞ்சியோ எடுக்கணும்னு சொல்லிருக்காங்க. இந்த அம்மா கட்டிக்கிட்டது தாய்மாமன, அதனால மாமியார்னு இருக்குறது சொந்த அம்மாச்சிதான். இப்ப வீட்ல யாராலதான் இது வந்துச்சுன்னு பெரிய சண்டை. 9 வயசுப் பையன் ஒருத்தன் இருக்கான், அவனுக்கும் வருமோன்னு தூக்கமில்ல. ஸ்டெம் செல் ஊசி போட்டா சரியாகிரும், சில லட்சம் ஆகும்னு யாரோ சொல்லி நகைய அடகு வைக்கப் போறதா எழுதியிருக்காங்க. ஸ்கேன் படங்களையும் போன்ல போட்டோ எடுத்து அனுப்பிருக்காங்க.

அம்மா, கடிதத்த மட்டும் வச்சு யாராலயும் நோயை உறுதியா சொல்ல முடியாது, நேர்ல பாத்த டாக்டர் சொல்றதுதான் கணக்கு. ஆனா நீங்க அனுப்புன படத்துல எனக்குத் தெரியிறது அவர் சொன்னதோட நல்லாவே ஒத்துப்போகுது. அதனால மத்ததெல்லாம் அப்பறம், முதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். உங்க பொண்ணு நடிக்கல. ஒரு நாளும் நடிக்கல. இத அவ அப்பாகிட்ட இன்னைக்கே சொல்லுங்க, முடிஞ்சா அவர் வாயாலயே அவகிட்ட சொல்லச் சொல்லுங்க.

கடிதத்துல ஒரு வரி எழுதியிருந்தீங்க: "பேசுறப்ப என் மூஞ்சியப் பாக்காம காதுப் பக்கமே பாக்குறா, திமிருன்னு நெனச்சேன்." திமிரு இல்லம்மா. கண்ணுக்குள்ள பின்பக்கம் ஒளிய வாங்குற விழித்திரை, அதாவது ரெட்டினா, அதுக்கு நடுவுல மாகுலான்னு ஒரு சின்ன எடம் இருக்கு, படிக்கிறதும் ஆள் முகத்த அடையாளம் பாக்குறதும் அந்த எடத்தாலதான். அந்த நடு எடம் கெட்டுப்போனா நேரா பாக்குற எடத்துல மங்கலாத்தான் தெரியும், அதனால புள்ள தானாவே கண்ணக் கொஞ்சம் ஒதுக்கி, கெடாத பகுதில உங்க மூஞ்சி விழுற மாதிரி பாக்கக் கத்துக்கிட்டா. காதப் பாத்தாத்தான் அவளுக்கு உங்க முகம் தெரியுது. யாரும் சொல்லிக் குடுக்காம அவளே கண்டுபிடிச்ச வழி அது, தயவுசெஞ்சு நேரா பாருன்னு திட்டாதீங்க.

அப்ப முதல்ல பாத்த எடத்துல ஏன் கண்ணு நல்லாருக்குன்னாங்க? இந்த நோய்ல, அதுவும் சின்ன வயசுல, டாக்டர் கருவி வச்சு கண்ணுக்குள்ள பாத்தாக்கூட ஆரம்பத்துல விழித்திரை கிட்டத்தட்ட நார்மலாவே தெரியலாம், பார்வை மட்டும் முன்னாடியே குறைஞ்சிருக்கும். கண்ணுக்குத் தெரியாதது படத்துல தெரியும். அதனாலதான் கண்ணாடி போட்டும் 6/6 வராத எந்தப் புள்ளயையும் நடிக்கிறான்னு முத்திரை குத்துறதுக்கு முன்னாடி ஒரு ஓசிடியும் ஒரு ஆட்டோஃப்ளோரசன்ஸும் எடுத்துப் பாத்துரணும்னு நான் அழுத்திச் சொல்லுவேன், ரெண்டும் சேத்து ரொம்ப நேரம்கூட ஆகாது.

அந்தப் படங்கள்ல என்ன இருக்கு

ஓசிடிங்கறது விழித்திரைய குறுக்கால வெட்டிப் பாக்குற மாதிரி ஒரு படம், வெட்டாமலே. 1991-ல வந்த நுட்பம், இப்ப இருக்குற மெஷின்ல அஞ்சாறு மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவுக்கு நுணுக்கமா தெரியும். நீங்க அனுப்புனதுல கருப்பு வெள்ளையில அடுக்கடுக்கா கோடு தெரியுதில்ல, அதுல கீழ்ப்பக்கமா பளிச்சுன்னு ஒரு வெள்ளைக் கோடு ரெண்டு ஓரத்துலேர்ந்தும் ஓடி வரும், ஒளிய வாங்குற செல்லுங்க வரிசையா நல்லா இருக்குன்னு காட்டுற கோடு அது. உங்க பொண்ணு படத்துல நடுவுல வந்ததும் அந்தக் கோடு அறுந்துபோய் மறுபக்கம் திரும்ப ஆரம்பிக்குது. அந்த அறுந்த இடம்தான் அவளுக்குப் போர்டு தெரியாம போன இடம்.

இன்னொரு படம், சாம்பல் நிறத்துல இருக்குறது, ஆட்டோஃப்ளோரசன்ஸ். இதுக்கு எந்த மருந்தும் உடம்புல ஏத்த வேண்டாம், நீல வெளிச்சத்த அடிச்சா விழித்திரைக்கு அடியில சேந்திருக்குற லிப்போஃபுசின்ங்கற கழிவு தானாவே மினுங்கும், அத படம் புடிக்கிறாங்க. கண்ணு வெளிச்சத்தப் பாக்குறதுக்கு வைட்டமின் ஏ வேணும், பாத்து முடிச்சதும் அதுல மிச்சமாகுறத வெளிய தள்ளுறதுக்கு ஒரு புரதம் வேணும். அந்தப் புரதத்த செய்யிற ஜீனுக்குப் பேரு ஏபிசிஏ4, 1997-ல கண்டுபிடிச்சாங்க. அந்த ஜீன்ல பிழை இருந்தா தெருவுல குப்பை அள்ற வண்டி வராம போன கதைதான், கொஞ்சங் கொஞ்சமா தேங்கி கடைசில அங்க இருக்குற செல்லயே கொன்னுரும். குப்பை அதிகமா சேந்த இடம் படத்துல வெள்ளைப் புள்ளியா தெரியும், செல் செத்துப்போன இடம் கருப்பா தெரியும். உங்க படத்துல நடுவுல கருப்பு, சுத்தி வெள்ளைப் புள்ளி, ஆனா கண் நரம்பு உள்ள வர்ற வட்டத்த ஒட்டி மட்டும் ஒரு வளையம் சுத்தமா தப்பிச்சிருக்கு. அந்த வளையம் தப்பிக்கிறது ஸ்டார்கார்ட்ல அடிக்கடி பாக்குற அடையாளம், எல்லார்கிட்டயும் இருக்கும்னு சொல்ல முடியாது, ஆனா இருந்தா டாக்டருக்குத் தைரியம் வரும். 1909-ல கார்ல் ஸ்டார்கார்ட்ங்கற ஜெர்மன் டாக்டர் இந்த மாதிரிக் குடும்பங்களப் பத்தி எழுதுனப்ப இந்த மெஷினெல்லாம் ஏது, கண்ணால பாத்ததத்தான் எழுதி வச்சாரு.

படத்த மட்டும் வச்சு முடிச்சிரலாமான்னா முடியாது. நடு விழித்திரைய கெடுக்குற பரம்பரை நோய் நிறைய இருக்கு. பெஸ்ட் நோய்னு ஒண்ணு, அதுல முட்டை மஞ்சக்கரு மாதிரி நடுவுல மஞ்சளா தெரியும், ஜீன் வேற, பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ ஒருத்தர்கிட்டேர்ந்தே வந்துரும். பசங்களுக்கு மட்டும் பொதுவா வர்ற ரெட்டினோஸ்கிஸிஸ்னு ஒண்ணு, அத ஓசிடில விழித்திரை பிளந்து ஓட்டை ஓட்டையா இருக்குறத வச்சு சட்டுன்னு புடிச்சிரலாம். மூட்டு வலிக்குக் குடுக்குற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரைய வருஷக்கணக்கா சாப்புட்டவங்களுக்கும் நடுவுல வளையமா கெட்டுப்போகும், பரம்பரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சின்னப் புள்ளைங்கள்ல இன்னொண்ணையும் டாக்டர் மனசுல வச்சுக்குவாரு: பார்வையோட சேந்து வலிப்பு வருதா, நல்லாப் படிச்ச புள்ள திடீர்னு மறக்குதா, நடை தடுமாறுதான்னு. அப்படி இருந்தா மூளை நரம்பு டாக்டரையும் பாக்கணும். உங்க பொண்ணு வலிப்பு எதுவும் இல்லாம, காதால கேட்டே வகுப்புல மூணாவது ரேங்க் வாங்குறான்னு எழுதியிருக்கீங்க, அதனால அந்த பயம் இங்க வேண்டாம்.

கையில ஊசி போட்டு எடுக்குற ஆஞ்சியோ பத்திக் கேட்டீங்க. ஒரு காலத்துல ஸ்டார்கார்ட உறுதி பண்ண அதுதான் வழி, சாயம் ஏத்துனா பின்னாடி இருக்குற ரத்தக்குழாய் படலம் கருப்பா தெரியும், அத வச்சு சொல்லுவாங்க. இப்ப ஆட்டோஃப்ளோரசன்ஸ் அந்த வேலைய ஊசியே இல்லாம செஞ்சிருது. கண்ணுக்குள்ள புதுசா ரத்தக்குழாய் முளைச்சிருக்கோன்னு சந்தேகம் வந்தா அப்ப பாத்துக்கலாம், இப்பதைக்கு எனக்கு அது தேவையா தோணல, சொன்ன டாக்டர்கிட்டயே எதுக்குன்னு காரணம் கேளுங்க.

அடிக்கடி ஸ்கேன் எடுத்தா கதிர்வீச்சு ஆகாதான்னு உங்க வீட்டுக்காரர் பயப்படுறாரு. எக்ஸ்ரே மாதிரி கதிர் எதுவும் இதுல கெடையாது, ரெண்டுமே வெறும் வெளிச்சம். ஓசிடி எத்தன தடவ வேணா எடுக்கலாம். ஆட்டோஃப்ளோரசன்ஸ்ல மட்டும் நீல வெளிச்சம் கொஞ்சம் பளிச்சுன்னு இருக்குறதால, இந்த நோய் இருக்குற கண்ணுக்கு அத சும்மா சும்மா அடிக்க வேண்டாம்னு நாங்க நெனைக்கிறோம், வருஷத்துக்கு ஒரு தடவ போதும். வெளிச்சத்தக் குறைச்சும் எடுக்கலாம், கேட்டா செய்வாங்க.

ஜீன் டெஸ்ட் எதுக்கு, அதுல எங்க ஏமாறுவோம்

படம் என்ன கெட்டிருக்குன்னு சொல்லுது, ஜீன் டெஸ்ட் எதனால கெட்டுச்சுன்னு சொல்லுது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போனாத்தான் நான் உறுதின்னு எழுதுவேன். அதனால டெஸ்ட் எடுங்க, ஆனா எடுக்குறதுக்கு முன்னாடி ஜெனெடிக் கவுன்சிலிங் இருக்குற இடமா பாத்துப் போங்க. உங்களுக்குப் பக்கத்துல மதுரை அரவிந்த், சென்னையில சங்கர நேத்ராலயா, ரெண்டு எடத்துலயும் கண் மரபணுவுக்குன்னே பிரிவு இருக்கு. வெறும் லேபுக்கு ரத்தம் அனுப்பி மெயில்ல ரிப்போர்ட் வாங்குனா அதுல இருக்குறத யாரும் விளக்கிச் சொல்ல மாட்டாங்க, நீங்க கூகுள்ல தேடி அழுவீங்க, அதான் சொல்றேன்.

இந்த நோய் வர்றதுக்கு ஏபிசிஏ4 ஜீனோட ரெண்டு பிரதியிலயும் பிழை இருக்கணும், ஒண்ணு அம்மாகிட்டேர்ந்து, ஒண்ணு அப்பாகிட்டேர்ந்து. அதனால பொண்ணு ரத்தத்தோட உங்க ரெண்டு பேர் ரத்தத்தையும் சேத்துக் குடுங்க, அப்பத்தான் எந்தப் பிழை எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெளிவாகும். ரிப்போர்ட்ல சில சமயம் "இந்த மாற்றத்தோட அர்த்தம் இன்னும் தெளிவில்லை"ன்னு வரும், அது நோய் இருக்குன்னும் இல்ல, இல்லன்னும் இல்ல. இன்னும் சில சமயம் ஒரு பிழைதான் கெடைக்கும், இல்ல ஒண்ணுமே கெடைக்காது, ஏன்னா ஜீனுக்குள்ள ஆழமா ஒளிஞ்சிருக்குற சில பிழைகள சாதாரண டெஸ்ட் பாக்காது. அப்படி வந்தா "நோயே இல்ல"ன்னு சந்தோஷப்பட்டுப் படத்தத் தூக்கிப் போட்றாதீங்க.

யாரால வந்துச்சு

இந்தச் சண்டைய நிறுத்துங்கம்மா. கணக்கு என்னன்னா உங்ககிட்டயும் ஒரு பிழை இருக்கு, உங்க வீட்டுக்காரர்கிட்டயும் ஒண்ணு இருக்கு, ரெண்டு பேருக்கும் பார்வையில ஒரு குறையும் இல்ல, ஏன்னா ரெண்டு பேருக்கும் இன்னொரு பிரதி நல்லா இருக்கு. தாய்மாமனும் அக்கா பொண்ணும்னா சராசரியா கால்வாசி ஜீன் பொதுவா இருக்கும், அதனால ஒரே பிழை ரெண்டு பக்கத்துலேர்ந்தும் சேர்ற வாய்ப்பு கூடுதல், அத நான் மறைக்க மாட்டேன். ஆனா சொந்தமே இல்லாத ஜோடிகளுக்கும் ஸ்டார்கார்ட் புள்ளைங்க பிறக்குது. உங்க கேஸ்ல பெரும்பாலும் உங்க அம்மாச்சி, தாத்தா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்த ஒரு பிழை, ஒரு கிளை உங்க அம்மா வழியா உங்களுக்கும், இன்னொரு கிளை நேரா உங்க வீட்டுக்காரருக்கும் வந்து பொண்ணுகிட்ட சேந்திருக்கும். அப்ப யாரக் குத்தம் சொல்லுவீங்க? உங்க அம்மாச்சிக்கே அவங்ககிட்ட அப்படி ஒண்ணு இருக்கான்னு தெரிஞ்சிருக்க வழியில்ல.

பையனுக்கு வர்ற வாய்ப்பு நாலுல ஒண்ணு. வரலன்னா அவன்கிட்ட ஒரு பிழை இருக்குற வாய்ப்பு மூணுல ரெண்டு, அதனால அவன் கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. இப்ப அவனுக்கு 6/6 தெரியுதுன்னு சொல்றீங்க. வருஷா வருஷம் பார்வை டெஸ்ட் பண்ணுங்க, குறைஞ்சா உடனே படம் எடுங்க. இப்பவே படம் எடுத்தா என்னன்னா, எடுக்கலாம், ஆனா ஒண்ணு யோசிச்சுக்கோங்க. ஜீன் டெஸ்ட் எடுக்காமலே ஆட்டோஃப்ளோரசன்ஸ் படம் ஒண்ணே அவனுக்கு நோய் வரப்போகுதுன்னு காட்டிக் குடுத்துரும், ஸ்கேன்தானேன்னு விளையாட்டா எடுக்குற விஷயம் இல்ல. தெரிஞ்சா ஸ்கூல்ல முன்கூட்டியே ஏற்பாடு பண்ணலாம், அது லாபம். நல்லா ஓடியாடுற புள்ளய நோயாளியா பாக்க ஆரம்பிச்சிருவோம், அது நஷ்டம். நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க. அவன்கிட்ட பிழை இருக்கா இல்லையான்னு பாக்குற டெஸ்ட மட்டும் இப்ப வேண்டாம், 18 ஆனப்பறம் அவனே கேட்டு எடுத்துக்கட்டும்.

இப்ப செய்யக்கூடாதது ரெண்டு

அம்மாச்சி பாசத்துல தினமும் மீன் எண்ணெய் (காட் லிவர்) மாத்திரை குடுக்குறாங்கன்னு எழுதியிருக்கீங்க. அத இன்னைக்கே நிறுத்துங்க. கண்ணுன்னாலே வைட்டமின் ஏங்கறது நம்ம ஊர்ல எல்லாருக்கும் பதிஞ்சுபோன விஷயம், மாலைக்கண்ணுக்கு அது சரிதான், ஆனா இந்த நோய்ல தேங்குற கழிவே வைட்டமின் ஏ-லேர்ந்து வர்றது. அதனால காட் லிவர் எண்ணெய், வைட்டமின் ஏ மாத்திரை, அட்டையில வைட்டமின் ஏ போட்ட சத்து மாத்திரை எதுவும் வேண்டாம், மெடிக்கல்ல வாங்குறப்ப அட்டையத் திருப்பிப் படிங்க. முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி எல்லாம் வழக்கமா வீட்ல சமைக்கிற மாதிரி சாப்புடலாம், அதுக்குப் பயப்பட வேண்டாம். குடுத்ததுக்காக அம்மாச்சியத் திட்டாதீங்க, அவங்களுக்கு யாரும் சொல்லல. வெயில்ல போறப்ப தொப்பியும் கூலிங் கிளாஸும் போடச் சொல்லுங்க.

ரெண்டாவது அந்த ஸ்டெம் செல் ஊசி. நகைய அடகு வைக்காதீங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2017-ல போட்ட வழிகாட்டுதல்படி, விழித்திரை நோய்க்கு ஸ்டெம் செல்ல அனுமதி வாங்குன ஆராய்ச்சியில மட்டும்தான் குடுக்கலாம், சிகிச்சைன்னு சொல்லி விக்கக்கூடாது. ஆராய்ச்சின்னா உங்ககிட்ட லட்சக்கணக்குல பணம் கேக்க மாட்டாங்க, கேட்டா அது ஆராய்ச்சி இல்ல. அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல வயசான மாகுலர் நோய் இருந்த மூணு பெண்களுக்கு அவங்க கொழுப்புலேர்ந்து எடுத்த செல்லுன்னு சொல்லி ஒரே நாள்ல ரெண்டு கண்ணுலயும் ஊசி போட்டாங்க, மூணு பேருக்கும் இருந்த பார்வையும் பெரும்பாலும் போயிருச்சு. 2017-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல அத டாக்டருங்க எழுதுனாங்க. உங்க பொண்ணுக்கு இன்னும் 6/36 இருக்கு, ஓரப் பார்வை முழுசா இருக்கு. இழக்குறதுக்கு நிறைய இருக்கு.

ஜீன் சிகிச்சை வந்துருச்சுன்னு வாட்ஸ்அப்ல வந்தத அனுப்பிருந்தீங்க. 2017-ல அமெரிக்காவுல அனுமதி கெடைச்சது ஆர்பிஈ65-ங்கற வேற ஜீனுக்கு, அது வேற நோய். ஏபிசிஏ4 ரொம்பப் பெரிய ஜீன், அதுல புரதம் செய்யத் தேவையான டிஎன்ஏ எழுத்து மட்டுமே 6,800-க்கும் மேல, கண்ணுக்குள்ள ஜீன கொண்டு போற வைரஸ்ல சுமார் 4,700 எழுத்துதான் கொள்ளும். அதனால வேற வழி தேடிட்டு இருக்காங்க, கழிவு சேர்றத மெதுவாக்குற மாத்திரைங்களையும் சோதிச்சுட்டு இருக்காங்க. அதுல என்னைக்காவது சேரணும்னா ஜீன் ரிப்போர்ட்டும் வருஷா வருஷம் எடுத்த படமும்தான் கேப்பாங்க, நகைக்கடன் போட்ட ரசீதக் கேக்க மாட்டாங்க.

இருட்டாகிருமா

நீங்க எழுதாம விட்ட கேள்வி இதுன்னு நெனைக்கிறேன். உள்ளத மறைக்காம சொல்றேன். சின்ன வயசுல ஆரம்பிச்சா நோய் கொஞ்சம் வேகமாத்தான் போகும், சில வருஷத்துல நடுப் பார்வை 6/60 கிட்ட வந்து நிக்கிறது வழக்கம், அதுக்கும் கீழ போறவங்களும் இருக்காங்க. ஆனா முழு இருட்டு அபூர்வம். ஓரப் பார்வை பெரும்பாலானவங்களுக்கு நிக்கும், நடமாட, பஸ்ல ஏற, வீட்டு வேலை பாக்க அது போதும். ஈஆர்ஜின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, விழித்திரையோட மின்சார பதில அளக்குறது. நடுவுல மட்டும் கெட்டிருக்கா, இல்ல ஓரத்து செல்லுங்களும் சேந்து பாதிக்கப்பட்டிருக்கான்னு அது காட்டும், வருங்காலத்த ஓரளவு கணிக்க அதத்தான் நம்புவேன். இன்னும் எடுக்கலன்னா எடுத்துருங்க.

ஸ்கூலும் சர்டிபிகேட்டும்

என் கணக்குல இதுதான் இந்த வருஷத்தோட பெரிய வேலை, ஏன்னா அடுத்த வருஷம் பத்தாவது. ரெண்டு கண்ணுலயும் பார்வை 6/24-லேர்ந்து 6/60-க்குள்ள இருந்தா மாற்றுத்திறனாளி கணக்குல 40 சதவீதம் வரும், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல பெரும்பாலான சலுகைக்கு 40-தான் வாசல். அதனால அரசு ஆஸ்பத்திரி மெடிக்கல் போர்டுல காட்டி சர்டிபிகேட்டும் யுடிஐடிங்கற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்குங்க, போறப்ப ஓசிடி, ஆட்டோஃப்ளோரசன்ஸ் பிரிண்ட் கையில இருக்கட்டும், வெளியேர்ந்து பாத்தா கண்ணு நல்லா இருக்குற புள்ளைங்கள அங்கயும் சந்தேகப்படுவாங்க, படத்தப் பாத்தா பேச்சு நின்னுரும். பரீட்சைக்கு எழுதுறதுக்கு ஆள் வச்சுக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாம கூடுதல் நேரமும் உண்டு. பெரிய எழுத்துல கேள்வித்தாளும் கேளுங்க. ஹெட்மாஸ்டர் மூலமா தேர்வுத்துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பம் போகணும், கடைசி மாசத்துல ஓடாதீங்க. 18 வயசு வரைக்கும் புத்தகமும் உதவிக் கருவியும் இலவசமா தரணும்னு அதே சட்டத்துல இருக்கு, மேல படிப்புல 5 சதவீதம், அரசு வேலைல 4 சதவீத இடமும் மாற்றுத்திறனாளிகளுக்குன்னு இருக்கு, அந்த 4-ல ஒரு சதவீதம் பார்வைக் குறைபாட்டுக்கு.

மாற்றுத்திறனாளின்னு சர்டிபிகேட் வாங்குனா நாளைக்குக் கல்யாணம் நடக்காதேன்னு உங்க வீட்டுக்காரர் தயங்குறாருன்னு எழுதியிருக்கீங்க. படிக்க முடியாம வீட்ல உக்காந்தா மட்டும் நல்லா நடந்துருமா? மறைச்சுக் கட்டிக் குடுத்து, போன வீட்ல அவ மூஞ்சியப் பாத்துப் பேசலன்னு அங்கயும் திமிருன்னு பேரு வாங்கவா? கல்யாணம்னு வர்றப்ப அவ சம்மதமும் உண்மையும் இருக்கட்டும். மாப்பிள்ளைகிட்ட ஏபிசிஏ4 ஜீன்ல எந்தப் பிழையும் இல்லன்னா அவ புள்ளைங்க யாருக்கும் இந்த நோய் வராது, ஒரு பிழை இருந்தா ஒவ்வொரு புள்ளைக்கும் பாதிக்குப் பாதி. அதனால மாமன் மகன், அத்தை மகன்னு வீட்டுக்குள்ளயே திரும்பவும் பேச வேண்டாம்னு மட்டும் கேட்டுக்குறேன்.

கடைசியா ஒரு வேலை. ஆஸ்பத்திரில பிரிண்ட் மட்டும் வாங்காதீங்க, எல்லாப் படத்தையும் ஃபைலா பென்டிரைவ்ல கேட்டு வாங்குங்க, தேதி போட்டு வைங்க. அடுத்த வருஷம் எந்த ஊர்ல எந்த டாக்டரப் பாத்தாலும் பழைய படத்தப் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் எவ்வளவு வேகமா போகுதுன்னு சொல்ல முடியும், போன்ல எடுத்த போட்டோவ வச்சு அத அளக்க முடியாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ பார்வை டெஸ்ட், வருஷத்துக்கு ஒரு தடவ படம். நடுவுல திடீர்னு ஒரு கண்ணுல கோடெல்லாம் வளைஞ்சு தெரியுது, பார்வை சட்டுன்னு இறங்குதுன்னு அவ சொன்னா, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.